ஹாலோவீன் மிட்டாயும் கையில் இருக்கும் காசும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மோர்னிங்சைட் அக்கா, ஸ்காபரோ

ஒக்டோபர் கடைசி வாரம். 31ஆம் திகதி இரவு ஹாலோவீன், வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்டு வருவார்கள். மலிவு விலைக் கடை ஒன்றில் காசு கட்டும் வரிசை. எனக்கு முன்னால் ஒரு தாய். வண்டிலில் ஸ்பைடர்மான் உடுப்போடு சின்னப் பெடியன். அவர் எடுத்து வைத்தது பாண், பால், முட்டை, கோழிக்கால், பிறகு அந்தப் பெட்டி. உங்களுக்கே தெரியும், கிட்கட், கோஃபி கிறிஸ்ப், ஏரோ, ஸ்மார்ட்டீஸ் எல்லாம் கலந்து வருமே, அது.

தொகை திரையில் வந்தது. சாப்பாட்டுச் சாமானுக்கு வரி இல்லை, இனிப்புக்கு 13 வீதம் ஏறும். அவர் மனதில் போட்டு வந்த கணக்கை அது தாண்டிவிட்டது போல. கார்ட் போகவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முட்டைப் பெட்டியை எடுத்துக் காசாளரிடம் நீட்டி, "இது வேண்டாம்" என்றார். மிட்டாய்ப் பெட்டி பைக்குள் போனது.

முட்டைக்கு நான் காசு தருகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டிலும் அந்த மாதம் இவருக்கு வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள், நானும் விலையைப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் முட்டையைக் கொடுத்துவிட்டு மிட்டாயை வைத்துக்கொண்ட அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யாருக்காவது இப்படி ஏதும் நடந்ததா?

எடிசன்வாசி, நியூ ஜெர்சி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? வாசல் விளக்கை அணைத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், அதுதானே இங்கே வழக்கம். முட்டையை விட்டு மிட்டாய் வாங்கியது எனக்குப் புரியவில்லை.

என்னுடையது 2024. கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைச்சல் போய், கோகோ விலை தாறுமாறாக ஏறிய வருடம். டிசம்பரில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. சாக்லேட் பக்கமே போகாமல் லாலிபாப்பும், சுருட்டி வைத்த மாத்திரை மிட்டாயும், கம்மி என்கிற ஜெல்லி மிட்டாய் ஒரு பையும் வாங்கினேன்.

எட்டு மணி இருக்கும். வளர்ந்த பையன் ஒருவன், வேஷம் எதுவும் இல்லை, முதுகில் ஸ்கூல் பை. கையில் கொடுத்த கம்மியைத் திருப்பித் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். அவ்வளவு சின்ன உறையில் ஒன்றும் அச்சடித்திருக்காது. "பெரிய பை இருக்கிறதா? இதில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று கேட்டான். எடுத்து வந்தேன். இருவரும் வாசல் படியில் நின்று பொடி எழுத்தைப் படித்தோம். இருந்தது, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின். நன்றி சொல்லிவிட்டு, அதை வைத்துவிட்டு லாலிபாப் எடுத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டில் சைவம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கடையில் நின்று நான் செய்வதும் அதுவேதான். வளர்ந்த பசங்களைத் திருப்பி அனுப்பிவிடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை.

14ஆம் மாடி, ரொறன்ரோ

எடிசன் அண்ணா, விளக்கை அணைக்கச் சொல்கிறீர்கள். அடுக்குமாடியில் வாசல் விளக்குக்கு எங்கே போவது?

எங்கள் கட்டடத்தில் ஒரு கிழமைக்கு முதலே லொபியில் ஒரு தாள் ஒட்டுவார்கள். மிட்டாய் கொடுக்கிற வீடுகள் இலக்கத்தை எழுத வேண்டும். பிள்ளைகள் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு மேல்மாடியிலிருந்து படிக்கட்டால் இறங்கி வருவார்கள். எங்கள் பிள்ளையும் அப்படித்தான் மற்றவர்களின் கதவைத் தட்டுகிறாள். எங்கள் இலக்கம் தாளில் இல்லாவிட்டால் அடுத்த நாள் லிஃப்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். அந்தத் தாய் ஏன் முட்டையைத் திருப்பிக் கொடுத்தார் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், ஒக்டோபர் 31. காசு தட்டுப்பாடு. இருந்தது ஒரு சின்னப் பெட்டி, ஏழு மணிக்கே அடி தெரிந்தது. அம்மம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய், தீபாவளிக்குச் செய்த பயத்தம் உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து கதவடியில் நின்றுவிட்டா. "அம்மம்மா, உறை இல்லாததை இங்கே வாங்க மாட்டார்கள்" என்று சொல்லியும் கேட்கவில்லை.

வந்தது ஒரு தேவதைப் பிள்ளை, கூடத் தகப்பன். அம்மம்மா உருண்டையைப் பிள்ளையின் பையில் போட்டா. தகப்பன் குனிந்து அதை வெளியே எடுத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதை வாயில் போட்டு, மென்று, "இது என்ன மாவு?" என்று கேட்டார். பயறு, சர்க்கரை, தேங்காய் என்று சொன்னேன். இன்னொன்று கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு எங்கள் மாடியில் பெரிய ஆட்கள்தான் வரிசையில் நின்றார்கள்.

பிராம்டன் கணக்கு

14ஆம் மாடித் தங்கச்சி, அம்மம்மாவின் கதை அருமை. ஆனால் மற்றவர்கள் இதைப் பார்த்து வீட்டுப் பலகாரம் கொடுக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர் ஹாலோவீன் மிட்டாயில் நஞ்சு வைத்துப் பிள்ளையைக் கொன்றார் என்று உறுதியான சம்பவம் ஒன்றும் இல்லை என்று ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல வருடம் தேடிச் சொல்லியிருக்கிறார். 1974இல் டெக்ஸஸில் ஒரு பிள்ளை இறந்தது பெற்ற தகப்பன் வைத்த நஞ்சால். அப்படியிருந்தும் பெற்றோர் உறையில்லாததைக் குப்பையில்தான் போடுவார்கள். உங்கள் உழைப்பும் பயறும் வீண்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். 2025இல் ஹாலோவீன் இரவன்றே ரொறன்ரோவில் ப்ளூ ஜேஸ் பேஸ்போல் அணிக்கு உலகத் தொடரின் 6ஆவது ஆட்டம். எட்டு மணிக்குத் தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஒரு பையன் மட்டும் ஜேஸ் சட்டையோடு ஓடி வந்து, "ஸ்கோர் என்ன?" என்று கேட்டுவிட்டு மிட்டாய் வாங்காமலே ஓடினான். அரைப் பெட்டி மிச்சம்.

இனி, காசு குறைவாக உள்ளவர்களுக்கு. அரிசி பருப்புக்குக் கிராம் பார்க்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள், பெட்டியில் எத்தனை துண்டு என்று பாருங்கள். 20 டொலருக்கு 100 துண்டு என்றால் ஒன்று 20 சதம், வரியோடு 22.6 சதம். பெரிய பை மலிவு என்று நம்பி வாங்கி, எண்ணிப் பார்த்தால் சில நேரம் ஒன்றுக்கு 35 சதம் வரும். ரொக்கெட்ஸ் மாதிரி மாத்திரை மிட்டாய் சொக்கலேட்டைவிட நன்றாக மலிவு. அதைத்தான் எடிசன் அண்ணாவின் ஊரில் ஸ்மார்ட்டீஸ் என்பார்கள், எங்கள் ஸ்மார்ட்டீஸ் சொக்கலேட்.

கிண்ணத்தை நீட்டாதீர்கள். நீங்களே எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம், முதலில் வருகிற கூட்டத்தோடு முடிந்துவிடும். புது இடம் என்றால் போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று அயலவரிடம் கேளுங்கள். இங்கே அன்று ஆறு மணி கழிந்துதான் இருட்டும், சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்தில் வருவார்கள், எட்டுக்குப் பிறகு வளர்ந்தவர்கள். சொக்கலேட்டை முன்னவர்களுக்கும் மற்றதைப் பின்னவர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்த வீட்டில் சாப்பாடு அல்லாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம், 2014இலிருந்து அது பரவியிருக்கிறது. பென்சில், ஒட்டுப்படம் எல்லாம் டொலர் கடையில் மிட்டாயைவிட மலிவாகவே கிடைக்கும், கெட்டும் போகாது.

எடிசன் அண்ணா, வளர்ந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை என்று நீங்கள் சொன்னது சரி. வேர்ஜீனியாவில் செசபீக் நகரத்தில் 12 வயதுக்கு மேல் மிட்டாய் கேட்டுப் போனால் சிறை என்றுகூடச் சட்டம் இருந்தது. 2019இல்தான் வயதை 14 ஆக்கிச் சிறையை எடுத்தார்கள். 15 வயதுப் பிள்ளை வேறெங்கும் சுற்றித் திரிவதைவிட மிட்டாய் கேட்டுத் தெருவில் நடப்பது எவ்வளவோ மேல்.

மொன்றியல் வாசகி

கணக்கு அண்ணா எல்லாம் சொன்னார், நவம்பர் 1 அரை விலையைச் சொல்லவில்லை. 2019இல் இங்கே பெரிய மழை, காற்று. நகர மேயரே ஹாலோவீனை அடுத்த நாளுக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். எங்களிடம் அந்தக் கிழமை மிட்டாய்க்கென்று காசே இல்லை. நவம்பர் 1 காலை கடைக்குப் போனால், கலண்டரின்படி ஹாலோவீன் முடிந்துவிட்டது என்று எல்லாம் அரை விலை! அன்று மாலைதான் பிள்ளைகள் வரப்போகிறார்கள். வேலை செய்கிற பெண் விலை ஒட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பெட்டி வாங்கினேன். அந்த வருடம் கொடுத்த மாதிரி நான் வேறு எந்த வருடமும் தாராளமாகக் கொடுத்ததில்லை.

காசாளர், ஸ்காபரோ

மோர்னிங்சைட் அக்கா, நான் அந்த வரிசையின் மற்றப் பக்கம் நிற்கிறவள். நீங்கள் பார்த்தது அந்தக் கிழமையில் புதிதில்லை. பால் திரும்பி வரும், இறைச்சி திரும்பி வரும், மிட்டாய் வராது. வண்டிலில் இருக்கிற பிள்ளைக்கு முட்டை திரும்பிப் போனது தெரியாது. மிட்டாய்ப் பெட்டி போனால் தெரியும். எடிசன் அண்ணா புரியவில்லை என்றது இதுதான்.

ஒரு தாய், பக்கத்தில் சூனியக்காரித் தொப்பியோடு மகள். நான் தொகையைச் சொல்ல வாய் திறக்க, அவர் மெதுவாகக் கையை உயர்த்தி, "சொல்ல வேண்டாம், திரையைத் திருப்புங்கள்" என்றார். திருப்பினேன். பார்த்தார். ஓட்ஸ் பையையும் சீஸையும் என் பக்கம் தள்ளினார். மகள் பெட்டியில் எத்தனை கிட்கட் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து அந்தக் கிழமை முழுக்க நான் தொகையை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒன்று செய்யுங்கள். சாப்பாட்டுச் சாமானை முதலில் வையுங்கள், மிட்டாய் கடைசி. அதை ஸ்கான் பண்ணுவதற்கு முதல் "இதுவரை எவ்வளவு?" என்று கேளுங்கள், சொல்லுவோம். எங்கள் கடையில் ஸ்கான் பண்ணியதை எடுப்பதென்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும், லைட் எரியும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பண்ணாததை அப்படியே ஓரமாக எடுத்து வைத்துவிடலாம்.