நாலரை மணி வெடி: பழக்கமா, அத்துமீறலா?

மொட்டைமாடி:
போன தீபாவளிக்கு எதிர்வீட்டில் காலை நாலரைக்கே முதல் அணுகுண்டு. எட்டு மாதக் குழந்தை அலறி எழுந்தது, அப்புறம் மதியம்வரை தூங்கவே இல்லை. அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. கேட்டால், "தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு வெடி வைக்காமல் இருக்க முடியுமா?" என்கிறார்.

தாம்பரம் தாத்தா:
அவர் கேட்டது நியாயம்தானே! விடியும் முன் எண்ணெய்க் குளியல், லேகியம், மஞ்சள் தடவிய புதுத்துணி, அப்புறம் முதல் வெடி. நம் வரிசை அது. வடக்கே அமாவாசை இரவில் கொளுத்துகிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் முதலில் இரவு 8 முதல் 10 என்றுதான் சொன்னது. தமிழக அரசு மறுபடி போய்க் கேட்ட பிறகே நேரத்தை மாநிலம் மாற்றிக்கொள்ளலாம், 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஆறு மணிக்கு வானம் வெளுத்த பிறகு புஸ்வாணத்தில் என்ன அழகு?

மொட்டைமாடி:
ஐயா, இரவு 10 முதல் காலை 6 வரை சத்த வெடி கூடாது என்பது 2005 தீர்ப்பிலேயே இருக்கிறது. நாலரை மணி வெடி அப்போதிருந்தே தப்புதான். நாம்தான் கண்டுகொள்ளவில்லை.

சாத்தூர்க்காரன்:
நீங்கள் நேரத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்களுக்குப் பொருளே போச்சு அண்ணாச்சி. அதே 2018 தீர்ப்பில் சரவெடிக்குத் தடை, பட்டாசில் சேர்க்கும் பேரியம் என்ற ரசாயனத்துக்கும் தடை. எங்கம்மா சரம் பின்னியவர். கண் பேச்சில் இருக்கும், விரல் பாட்டுக்குத் திரியோடு திரி சேர்த்துப் பின்னிக்கொண்டே போகும். எத்தனை பின்னினாரோ அத்தனைக்குக் கூலி. இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார், கூலி பாதிகூட இல்லை.

மொட்டைமாடி:
வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012இல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 35 பேருக்கு மேல் போனார்களே, அந்த வேலையையா காப்பாற்றச் சொல்கிறீர்கள்?

சாத்தூர்க்காரன்:
அதை எங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். வெடிமருந்து அறையில் அளவுக்கு மேல் ஆள் வைக்காதே என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன். சரவெடியை நிறுத்தியதால் எந்த அறை பத்திரமானது, சொல்லுங்கள்?

கண்மாய்க்கரை:
எங்கள் பெரியம்மா ஊர் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயத்துக் கண்மாய் அங்கேதான். பறவைகள் மிரளும் என்று பல வருஷமாக ஊரில் வெடியே கிடையாது. தீபாவளிக்கு வனத்துறை இனிப்பு கொண்டுவந்து கொடுக்கும். பிள்ளைகள் கம்பி மத்தாப்போடு சரி.

தாம்பரம் தாத்தா:
அது ஊர் கூடி எடுத்த முடிவு தம்பி, அதற்குக் கும்பிடு. இங்கே எதிர்வீட்டுக்காரர் பேரே பலருக்குத் தெரியாது. எடுத்ததும் சட்டத்தைத்தான் தூக்குகிறோம்.

மொட்டைமாடி:
சரி, நேற்றுப் போய்ப் பேசிவிட்டேன். முறுக்கு கொடுத்தார். ரொம்ப நேரம் இழுத்து, ஐந்தே முக்காலுக்கு இறங்கி வந்தார். இன்னும் கால் மணி நேரம் இடிக்கிறது.

தாம்பரம் தாத்தா:
அந்தக் கால் மணி நேரம் லேகியம் சாப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை விழுங்க வைக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.