பதில்: டிஆர்எம் ஃப்ரீ பாட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லு?

எல்லாருக்கும் வணக்கம், இங்க வேலூர்ல கரண்டு இப்பதான் வந்துச்சு, அதனால எல்லாருக்கும் சேத்து ஒரே மெயிலா எழுதிடறேன். விசயம் இதான்: டிஆர்எம் (டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்)னா வித்த ஃபைல இஷ்டத்துக்கு நகல் எடுக்க முடியாம அதுக்குள்ள போடற டிஜிட்டல் பூட்டு, அது இல்லாம விக்கற பாட்ட நாம மொழிபெயர்க்கற மியூசிக் பிளேயர்ல தமிழ்ல என்னனு போடறதுன்னுதான் கேள்வி.

> கட்டற்ற மென்பொருள் இருக்கே, அதே மாதிரி "கட்டற்ற இசை"னு வச்சிடலாமே

வேணாம் அண்ணா. கட்டற்றனு சொன்னா யாரு வேணா எடுக்கலாம் மாத்தலாம் பகிரலாம்னு உரிமம் குடுத்ததுன்னு அர்த்தம் பழகிப்போச்சு. நாம பேசறது காசு குடுத்து வாங்கற பாட்டு, பதிப்புரிமை மொத்தமும் கம்பெனிகிட்டதான் இருக்கு, ஃபைல்ல மட்டும் பூட்டு கெடையாது. 2007ல ஈஎம்ஐங்கற இசைக் கம்பெனியோட பாட்டுங்கள ஆப்பிள் இப்படி விக்க ஆரம்பிச்சப்ப 99 சென்ட் பாட்டு 1.29 டாலர் ஆச்சு (ஒலித்தரமும் கூட்டினாங்க, அது வேற), அதப் போய் "இலவச இசை"னு ஒருத்தர் எழுதிருக்காரு பாருங்க, விலை ஏறின சரக்குக்கு இலவசம்னு பேரு!

> எண்ணிம உரிமை மேலாண்மை நீங்கிய இசைக்கோப்பு

வாலாஜா ஐயா, அகராதிக்கு இது சரிங்க. ஆனா பிளேயர்ல இத்துனூண்டு பட்டன்ல இது எங்க நுழையும்? அதுவும் இல்லாம மேலாண்மைன்னா ஏதோ நிர்வாக வேலை மாதிரி கேக்குது. நடக்கறது அது இல்லயே, ஆப்பிளோட ஐட்யூன்ஸ் கடைல வாங்கின பழைய பாட்டு அஞ்சு கம்ப்யூட்டருக்கு மேல அனுமதி குடுக்காது, வேற கம்பெனி பிளேயர்ல போட்டா பாடவே பாடாது. இது பூட்டுதான், வேற இன்னா சொல்றது. எங்க ஊரு சாரதி மாளிகை கடைங்கள்ல மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுத்துகினு இருந்த பசங்களும் ஃபைல் ஓடலன்னா "லாக் ஆயிகீதுண்ணா, வேற பாட்டு சொல்லு"ன்னுதான் சொல்லுவாங்க, ஜனங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்க.

அதனால என் ஓட்டு "பூட்டில்லா". "பூட்டவிழ்த்த", "பூட்டுநீக்கிய" ரெண்டும் கூடாது, ஏன்னா அது கிராக் பண்ண ஃபைலுக்குத்தான் பொருந்தும். இது வெறும் சொல் சண்டை இல்ல, நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தத்துல 65ஏ பிரிவு வந்துச்சு, பதிப்புரிமைய மீறணும்னே பூட்ட உடைச்சா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். பூட்டே போடாம கடைக்காரன் வித்தத வாங்கறவனயும் உடைச்சவனயும் ஒரே வார்த்தைல சேத்துக் கட்டினா எப்படி?

டிஆர்எம்முக்குப் படிப்பூட்டுனு (படின்னா நகல்) குடியாத்தத்து தம்பி சொன்னது தனித்தமிழ்தான், ஆனா வாசப்படிக்குப் பூட்டு போட்ட மாதிரி இருக்குப்பா. "நகல்பூட்டு" போதும். நகல் அரபில இருந்து வந்ததுன்னு ஆட்சேபணை வரும், தெரியும், நவாப் ஆண்ட ஊர்ல உக்காந்துகினு நகலும் அசலும் வேணாம்னா நாம பத்திரமே பதிய முடியாது. புணர்ச்சிப்படி நகற்பூட்டுனு எழுதணும், எழுதறவங்க எழுதட்டும், தேடறப்ப ஒருத்தரும் அப்படி டைப் பண்ண மாட்டாங்க.

கடை போனாலும் சரக்கு நிக்கும்ங்கறதும் இந்த வார்த்தைல தெரியணும். மைக்ரோசாப்ட்டோட எம்எஸ்என் மியூசிக் கடை 2008ல பூட்டத் தொறக்கற சாவி குடுக்கற சர்வர நிறுத்தப்போறோம்னு அறிவிச்சப்ப ஏற்கனவே காசு குடுத்தவங்க கத்தினாங்க, ஏன்னா அதுக்கப்புறம் புது கம்ப்யூட்டர் வாங்கினா அந்தப் பாட்டு அதுல பாடாது, அப்புறம்தான் தேதிய தள்ளி வச்சாங்க. ஃப்ளிப்கார்ட்டோட ஃப்ளைட் (Flyte) பாட்டுக் கடையும் 2013ல மூடிட்டாங்கதான், ஆனா அது வித்தது பூட்டில்லா எம்பி3, இறக்கி வச்சவங்ககிட்ட இன்னிக்கும் பாடுது.

ஒண்ணு மட்டும், பூட்டில்லன்னா அடையாளமே இல்லனு யாரும் விளக்கக் குறிப்புல எழுதிடாதீங்க. ஐட்யூன்ஸ்ல பூட்டில்லாம வித்த ஃபைலுக்குள்ளயும் வாங்கினவர் பேரும் கணக்கு மெயிலும் இருக்கும். அதுக்குத் தனியா ஒரு சொல்லு வேணும், "வாங்கியோர் முத்திரை" எப்படி இருக்கு?

இப்போதைக்கு பிளேயர் மொழிபெயர்ப்புல "பூட்டில்லாப் பாட்டு", "நகல்பூட்டு உள்ளது" ரெண்டும் போட்டு வைக்கறேன். பிழைச்செய்தி மட்டும் பாக்கி, "இக்கருவியில் பாடாது"வா "இயங்காது"வா? எனக்கு பாடாதுதான் புடிச்சிருக்கு, ஆனா ஆடியோபுக் வச்சிருக்கறவங்க சண்டைக்கு வருவாங்க.