இந்தக் கரையில் கீழக்கரை மட்டும் ஏன் வேறு மாதிரி?

ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊருக்கு என்ன தனிச்சிறப்பு என்று பேச்சு ஓடுகிறது. ராமேஸ்வரத்துக்குக் கோயில், ராமநாதபுரத்துக்கு அரண்மனை, ஏர்வாடிக்கு தர்கா, தேவிபட்டினத்துக்குக் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம் என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். கீழக்கரை என்றதும் மட்டும் "துபாய்க்காரங்க ஊரு" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். சொந்த ஊர் ராமநாதபுரம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் நான் ஏணி சாத்தாத ஊர் குறைவு. வீட்டுக்குள் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எந்த நாளில் போன் வருகிறது என்பதை வைத்தே ஊரின் பிழைப்பைச் சொல்லிவிடலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நெருங்கினால் ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர்கள் விட மாட்டார்கள். தர்காவில் சந்தனக்கூடு திருவிழா வந்தால் ஏர்வாடி. மண்டபம், பாம்பன் பக்கம் மீன் கம்பெனிக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கூப்பிடுவார்கள். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் குளிரறையைக் கழற்றிப் பார்க்க முடியும். ராமநாதபுரத்தில் மனு கொடுக்க வருகிறவர்களும் கோர்ட்டுக்கு வருகிறவர்களும்தான் கடைத்தெருவை நடத்துகிறார்கள். யாராவது வந்தால்தான் இந்த ஊர்களுக்கெல்லாம் சோறு.

கீழக்கரையில் போன் வருவது ஊர்க்காரர்கள் ஊருக்கு வரும்போது. அரபு நாட்டில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஜூலையில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். அதற்கு முன்னால் ஏசி ஓடியாக வேண்டும். அந்த ஊரின் பிழைப்பே வெளியே போனவர்களை நம்பியிருக்கிறது. வெளியாளைக் கூப்பிட ஒரு போர்டு வைத்து நான் பார்த்ததில்லை. ரயில் கிடையாது. ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, திருப்புல்லாணி விலக்கைத் தாண்டிப் போக வேண்டும். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு அந்த ஊர் எதையும் எடுத்துக் காட்டாது.

கீழக்கரை பெரிய ஜும்மா பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஒரு பையன் முன்னால் ஓடி "ஆள் வருது" என்று குரல் கொடுத்தான். உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் என்னைக் கூட்டிப்போனான். மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தேன். கண்டன்சரின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தன. செம்புக் குழாய் பச்சை பூத்து, வளைவில் ஊசித் துளை. உப்புக்காற்று பண்ணும் வேலை. கண்டன்சர் காயிலையே மாற்ற வேண்டும், செலவு கொஞ்சம் கூட. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்றேன். பையன் போன் போட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கம் ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்கிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வீடு அவுகளுது. அவுகளக் கேட்டுக்கங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வீடு அந்த அம்மாவுடையது. அங்கே பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அந்த அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே கேள்வி கேட்டார். போன தடவை காயில் எப்போது மாற்றியது, கேஸ் எப்போது ஏற்றியது, யார் செய்தது, என்ன கொடுத்தது, எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. பையன் கொண்டுவந்து காட்டினான். பம்பு செட்டிலிருந்து கொல்லைக் கதவின் கீல் வரைக்கும் அதில் கணக்கு. அந்த அம்மாவின் உம்மா (தாயார்) எழுதிய பழைய நோட்டும் அதே அலமாரியில் இருந்தது. அதில் தமிழ்க் கணக்கை அரபு எழுத்தில் எழுதியிருந்தார்கள். கீழக்கரையில் பெரிய பேர் பெற்ற மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்க நூல்களே எழுதிய அரபுத்தமிழ் அது. ஒரு வீட்டின் உப்புப் புளிச் செலவுக்கும் அதே எழுத்துதான் கைகொடுத்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பு, பர்மா, மலேயா, அப்புறம் வளைகுடா என்று போய்க்கொண்டே இருந்த ஊர். வீடு யார் கையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களும் வெளிநாடு போகிறார்கள். போகிறதை வைத்தே வீட்டையும் சொத்தையும் கல்யாணத்தையும் அமைத்துக்கொண்ட ஊர் இந்தக் கரையில் இது என்பதுதான் என் கட்சி. உங்களுக்கு அங்கே என்ன அனுபவம், எழுதுங்கள்.

காயல்பட்டினத்திலிருந்து:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டில், அரபுத்தமிழ், கல் வியாபாரம், இதெல்லாம் எங்க ஊரிலும் அப்படியே உண்டு. எங்களுக்கு ரயிலும் நிற்கும். அதை வைத்துக் கீழக்கரை தனி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தெரிந்த வித்தியாசம் வேறு. ஒரு நண்பனின் நிக்காஹுக்குப் போயிருந்தபோது தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைப் பெரிய ஜும்மா பள்ளியைச் சுற்றிக் காட்டினார். கல் தூண், கல் உத்தரம், தூணுக்கு மேலே பூ வேலை. சேதுநாட்டுக் கோயில் மண்டபம் கட்டிய கைதான் இதையும் கட்டியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும். பக்கத்திலேயே சீதக்காதியின் அடக்கத்தலம். பெரியவர் அவரைத் தன் சொந்தப் பாட்டனார் மாதிரி பேசினார். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பேரம் பேசித் தீராத வியாபாரி, ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர், 'விஜயரகுநாத' என்ற சேதுபதிகளின் பட்டத்தைத் தன் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்ட மரைக்காயர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். இறந்த பிறகு வந்த புலவருக்காகக் கபுருக்கு (கல்லறைக்கு) வெளியே கை நீண்டதாம், விரலில் மோதிரம் இருந்ததாம். அந்தக் கதையை அந்த இடத்திலேயே நின்று கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடச் சொன்னவர் சீதக்காதி. அவர் காலமான பிறகு அதைத் தொடர உதவியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். பாருங்கள், ஒரு காப்பியத்துக்குள்ளேயே இரண்டு துறைமுகம் இருக்கிறது. ஆனால் அரண்மனையோடு இவ்வளவு நெருங்கிய வியாபாரி ஊர் என்றால் அது கீழக்கரைதான். அந்தப் பெருமையை எங்க ஊர்க்காரனாக இருந்தும் நான் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து:

"யாராவது வந்தால்தான் சோறு" என்று எழுதியது கொஞ்சம் சுருக்கென்றது தம்பி. நான் கோயிலில் தீர்த்தம் இறைக்கிறவன். 22 தீர்த்தம். வாளியைக் கிணற்றுக்குள் விட்டு ஒரே இழுப்பில் தூக்கி ஊற்றுவோம், தோள்பட்டை காய்த்துப்போயிருக்கும். காசியிலிருந்து ஒரு கிழவரும் அவர் மனைவியும் கங்கைத் தண்ணீரோடு வந்திருந்தார்கள். எனக்கு அவர் பேச்சு அரைகுறையாகத்தான் புரியும். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி, ஒவ்வொரு கிணற்றடிக்கும் அவர் கையைப் பிடித்து நடத்தினார். கடைசிக் கோடி தீர்த்தத்தில் நான் ஊற்றியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அபிஷேகம் முடிந்து போகும்போது சேதுக் கடற்கரை மணலை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டார். அதைக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்த்தால்தான் அவருக்கு யாத்திரை முடியும். ஒரு நாளில் எத்தனை பாஷைக்காரர்கள் எங்கள் வாளிக்குக் கீழே தலை குனிகிறார்கள் என்று வந்து பாருங்கள்.

இன்னொன்று. என் தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊரும் போய், வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலும் போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மிஞ்சியவர்களில் எங்களைப் போலப் பலர் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தோம். யாத்திரைக்காரனைத் தாங்குகிற ஊர் எங்களையும் தாங்கியது. வருகிறவர்களை ஏற்றுக்கொள்வதும் ஒரு ஊரின் தனித்தன்மைதான்.

கீழக்கரையில் பிறந்து, இப்போது சென்னையிலிருந்து:

எங்க ஊரைப் பற்றி ஒரு ராமநாதபுரத்து ஏசி மெக்கானிக் அண்ணன் எழுதியதைப் படித்து என் லாத்தாவுக்கும் (அக்காவுக்கும்) அனுப்பினேன். அந்த நோட்டு எங்க வீட்டிலும் உண்டு!

வாப்பா கொழும்பில் இருந்தார். என் சின்ன வயதில் அவரை நான் பார்த்ததை விடக் கேட்டது அதிகம். கேசட்டில் பேசி அனுப்புவார், உம்மா பதில் பேசி அனுப்புவார். எங்க எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துத்தான் டேப்பை ஓடவிடுவார். "போகிற ஊர்" என்று பெருமையாகச் சொல்லும்போது, அதற்கான விலையை வீட்டில் இருந்த பெண்கள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எங்க தெருவில் பாதி வீட்டில் ஆண் குரல் என்றால் அது கிழவர்கள் அல்லது பையன்கள் குரல்தான்.

தொதல் என்ற இனிப்பைக் கிண்டுகிற நாள்தான் எனக்கு ஊர் என்றால் நினைவுக்கு வருவது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. நாலைந்து பெண்கள் முறை போட்டுக் கிண்டுவோம். முதலில் கஞ்சி மாதிரி ஓடும், போகப் போக அகப்பை நகராது. தேங்காய் எண்ணெய் பிரிந்து, சட்டி ஓரத்தை விட்டுத் திரண்டு வரும் வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடி பிடிக்கும். ஆறியதும் துண்டு போட்டு, பெட்டியில் அடுக்கி, பயணம் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். நாள் தாங்கும் என்பதால் கப்பல் காலத்திலிருந்தே இதுதான் கட்டுச்சோறு. இலங்கையிலும் மலேசியாவிலும் இதைச் செய்கிறார்கள். எங்க ஆட்கள் போன வழியெல்லாம் அது இருக்கிறது.

படிப்பும் அப்படித்தான். வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கிய பி.எஸ். அப்துர் ரகுமான் எங்க ஊர்க்காரர். ஆனால் என் வாழ்க்கையை மாற்றியது கீழக்கரையிலேயே வந்த தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி. ஊரை விட்டுப் போகாமல் பட்டம் வாங்கினேன், அதற்கப்புறம்தான் சென்னை. எங்க வீட்டுப் பெண்களில் பிழைப்புக்கென்று ஊரை விட்டுக் கிளம்பிய முதல் ஆள் நான். வீட்டின் சாவி இப்போது லாத்தாவிடம்.

சங்குகுளிக் குடும்பம், கீழக்கரை:

எல்லோரும் துபாய் போகவில்லை. நாங்கள் கடலுக்குள்ளேதான் போனோம். அப்பாதீவு, வாழைத்தீவு, முல்லித்தீவு பக்கம் தாத்தா மூச்சை அடக்கிச் சங்கு எடுத்தார். காதில் எப்போதும் சீழ், கடைசிக் காலத்தில் கத்திப் பேசினால்தான் கேட்கும். அவர் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையல் ஆனது. அந்த வளையலைப் போட்ட ஒருவரைக் கூட அவர் பார்த்ததில்லை. சங்கு கிட்டங்கி (கிடங்கு) வாடை பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள். சதை அழுகி விழ வேண்டும், அதற்கப்புறம்தான் கழுவித் தரம் பிரிப்பார்கள். ஊரைப் பற்றி எழுதும்போது கடற்கரைத் தெருக்களையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் வேண்டுவது.

மறுபடியும் நான்:

எல்லோருக்கும் நன்றி. ராமேஸ்வரத்து அண்ணன் சொன்ன காசிக் கிழவரின் விஷயத்தை என் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஊர்களைத் தராசில் வைக்க வேண்டும் என்பது என் நோக்கம் இல்லை. இந்தக் கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எப்படி இவ்வளவு மாறிப்போயின என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ஒரு வழி பெரியபட்டினத்தில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கீழக்கரைக்குக் கிழக்கே அதே மன்னார் வளைகுடாக் கரை. அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்த ஊர். பாண்டியர் காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற துறை. வைகை முகத்தில் அழகன்குளத்தில் அதற்கும் வெகு முன்னால் ரோமானியக் காசும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. இரண்டும் இன்று அமைதியான ஊர்கள். கடலில் தோணி போனால்தான் வியாபாரம் என்ற காலம் முடிந்த பிறகும் கீழக்கரை தளரவில்லை. என் யோசனை இதுதான்: கப்பல் வருகிற இடமாக மட்டும் இருந்த துறை, கப்பல் வருவது நின்றதும் படுத்துவிடும். தன் ஆட்களையே அனுப்பிப் பழகிய ஊருக்குத் துறை தூர்ந்தாலும் விமானம் இருந்தால் போதும். தொண்டிக்காரர்களிடம் கேட்டால் இதற்கு வேறு பதில் சொல்வார்கள். இலங்கைத் தோணி நின்றபோது அவர்களும்தான் சபுராளியாக, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்கள் ஊரும் மேலே வந்திருக்க வேண்டுமே என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது: போனவர்கள் சம்பாதித்ததை எங்கே போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். கீழக்கரையில் அது ஊருக்குள் வீடாகவும் பள்ளியாகவும் கல்லூரியாகவும் நிற்கிறது.

பெரியபட்டினத்துக்காரர்கள், தொண்டிக்காரர்கள் யாராவது படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கரைக்குப் போனார்கள், எப்போது போவதை நிறுத்தினார்கள் என்று எழுதுங்கள். சங்குகுளி அண்ணன் கேட்ட கடற்கரைத் தெருக்களைப் பற்றி, அடுத்த வேலைக்கு அந்தப் பக்கம் போகும்போது விசாரித்துத் தனியாக எழுதுகிறேன்.