மேட்டுப்பாத்தியில் சொறல் கீரை: பூத்தண்டு வந்துவிட்டது, பிடுங்குவதா?

வெள்ளவத்தையில் முற்றத்தில் சீமெந்துக் கல் அடுக்கி, ஒரு அடி உயரத்தில் பாத்தி கட்டினேன். தம்பி லண்டனில் இருந்து அனுப்பிய சொறல் (sorrel என்னும் புளிப்புக் கீரை) விதையைப் போட்டேன். இலை அம்பு முனை போல வடிவாக வந்தது, மென்றால் மாங்காய்ப் புளிப்பு. இப்போது நடுவில் சிவந்த தண்டு எழும்பி, இலை தடித்துக் கசக்கிறது. பிடுங்க மனம் வரவில்லை.

பதில்: அக்கா, பிடுங்காதீர்கள். அது குளிர் நாட்டுச் செடி, வருடக்கணக்கில் நிற்கும். வெக்கைக்குத்தான் பூக்க அவசரப்படுகிறது. தண்டை அடியோடு வெட்டுங்கள், புதுத் துளிர் வரும். பின்னேர வெயிலுக்கு நிழல் வலை கட்டுங்கள்.

பதில்: மண்ணும் காய்ந்திருக்கும். உயர்ந்த பாத்தி சீக்கிரம் உலரும். தும்புச்சோறும் (தேங்காய்த் தும்புத் தூள்) கொம்போஸ்டும் கலந்து, மேலே காய்ந்த இலை பரப்புங்கள். சொறலுக்குச் சற்றே புளித்த மண் பிடிக்கும், அதனால் சுண்ணாம்பு வேண்டாம்.

அக்கா: சரி, விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு அங்குலம் வரை தூள்! இன்றே தண்டை வெட்டுகிறேன்.

பதில்: அப்புறம், அலுமினியச் சட்டியில் சமைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். பருப்புக்கு இளம் இலைதான் ருசி. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், ஒக்சாலிக் அமிலம் அதிகம்.