ஃப்ரீலான்ஸ் வருமானம்: மார்ச் 15-க்குள் எவ்வளவு வரி கட்டணும்?

பாளை_கோடர்:
பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் கான்ட்ராக்ட் வேலை. 2025-26-இல் சென்னைக் கம்பெனி 21 லட்சம் (இதில் 2% டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, போக மீதி வந்தது), அமெரிக்கக் கம்பெனி 9 லட்சம். எல்லாம் வங்கி வழியாகத்தான். லேப்டாப், நெட் பில் கழிக்கலாமா? அட்வான்ஸ் டாக்ஸ் (நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வருமான வரி) எவ்வளவு வரும்? ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை.

நெல்லைக் கணக்கர்:
தம்பி, உங்கள் வேலை வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவுக்குள் வரும், அதாவது செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை லாபமாக வைக்கும் வழி. வரவில் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 75 லட்சம் வரை இது செல்லும். 30 லட்சத்தில் பாதியை, அதாவது 15 லட்சத்தை, லாபமாகக் காட்டினால் போதும். லேப்டாப், நெட், கரண்ட் எல்லாம் மற்ற பாதியிலேயே அடங்கிவிட்டது. தனியாகக் கழிக்க முடியாது. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 கழிவும் உங்களுக்குக் கிடையாது. நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுவது இந்த இடத்தில்தான்.

புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மிச்சம் 3 லட்சத்துக்கு 15% வீதம் 45,000. ஆக 1,05,000, செஸ் (வரி மேல் வரி) 4% சேர்த்தால் 1,09,200. டிடிஎஸ் 42,000 போக 67,200 நிற்கும். (அந்த 42,000, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.)

44ஏடிஏ-வில் நாலு தவணை கிடையாது, மார்ச் 15-க்குள் ஒரே தடவை. தவறினால் 234சி பிரிவில் தாமத வட்டி 672 ரூபாய். மார்ச் 31-ஐயும் விட்டுவிட்டால் 234பி பிரிவில் ஏப்ரல் தொடங்கி மாதம் 672 தனி. ஜூலையில் கட்டினால் அதுவே 2,688.

தாமிரபரணி_ஜிஎஸ்டி:
வருமான வரியை விட எனக்குக் கவலை தருவது, ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை என்று கடைசியில் சொன்னீர்களே, அதுதான். சேவைக்கு 20 லட்சம்தான் வரம்பு, அதில் அமெரிக்க 9 லட்சமும் சேரும். தாண்டிய 30 நாளுக்குள் பதிவு எடுத்திருக்க வேண்டும். உடனே விண்ணப்பியுங்கள். சென்னைக் கம்பெனிக்கு இனி 18% சேர்த்து பில். அவர்கள் அதை இன்புட் கிரெடிட்டாக (தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்வதால் பொதுவாக மறுக்க மாட்டார்கள். வெளிநாட்டு பில்லுக்கு எல்யூடி (ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம்) போட்டால் வரி இல்லை, ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போடணும்.

பாளை_கோடர்:
நன்றி அண்ணாச்சி. செலவு பாதிக்கு மேலே போனால்?

நெல்லைக் கணக்கர்:
50 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டலாம். ஆனால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம், வரிக் கணக்குப் படிவமும் ஐடிஆர்-4 போய் ஐடிஆர்-3 வரும். லேப்டாப்பை முழுதாக ஒரே வருஷத்தில் கழிக்கவும் முடியாது, தேய்மானம்தான். உங்கள் வேலைக்கு அது கட்டுப்படியாகாது.

பணம் கட்டும்போது சலானில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27, வகை 'அட்வான்ஸ் டாக்ஸ் (100)' என்று எடுங்கள். ஆண்டை மாற்றிப் போட்டால் பணம் வேறு வருஷக் கணக்கில் போய் உட்காரும். 2026 மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள்.