பிரிந்து வாழ்கிறோம், வீடும் கடனும் இருவர் பெயரிலும் உள்ளன. விவாகரத்துக்கு முன் என்ன எழுதி வைக்க வேண்டும்?

தண்டையார்பேட்டைத் தாய்:
வணக்கம். நானும் என் கணவரும் பதினான்கு மாதங்களாகத் தனித்தனியே வசிக்கிறோம். ஒன்பது வயது மகள் என்னுடன் என் அம்மா வீட்டில் இருக்கிறாள். கொருக்குப்பேட்டையில் வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் இருவருக்கும் சரிபாதி உண்டு. கடனிலும் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிய இருவருக்கும் விருப்பமே. வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டால் பிரச்சினையே வராது என்கிறார் அவர். நேற்று இரவு பீரோவிலிருந்த பத்திர நகல், பாஸ்புக், பாலிசி எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் பார்த்தபோது, என் கணக்குகள் அனைத்திலும் அவரே நாமினி என்பதைக் கண்டேன். தீர்ப்பு வருவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளின் கதி என்ன என்ற கவலையில் உறக்கம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திர எழுத்தர், ராயபுரம்:
அம்மா, மகள் பெயருக்கு எழுதுவதில் அவசரம் வேண்டாம். மைனரின் பெயரில் உள்ள சொத்தை, அவளுக்கு 18 வயது நிறைவதற்குள் விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி தேவை. நாளை அவள் படிப்புச் செலவுக்கே பணம் வேண்டியிருந்தாலும் அந்த வீட்டை உங்களால் தொட முடியாமல் போகும். மேலும், கடன் தீராத வீட்டை மாற்றி எழுத வங்கியின் சம்மதமும் வேண்டும். ஒருவர் தம் பாதியை மற்றவருக்குச் செட்டில்மென்ட் (விலை வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுப்பதே நேரான வழி. அதை நீங்கள் கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். குடும்பத்தினருக்கிடையே எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 திருத்தத்தின்படி அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பம் அல்ல.

பெண் வழக்கறிஞர், பழைய வண்ணாரப்பேட்டை:
சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. தனித்தனியே வாழ்வதால் மட்டும் வாரிசுரிமை அறுந்துவிடாது. தீர்ப்பு வரும் நாள் வரை அவர் உங்கள் கணவர்தான். நீங்கள் இந்துவாக இருந்து உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, நீங்கள் சம்பாதித்த சொத்து மகளுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும்; இன்று உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கும் உங்கள் தாயாருக்கு ஒன்றும் வராது. (கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், அதன் கணக்கு வேறு.)

ஆகவே மனு போடும் முன்பே உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத் தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மகளுக்கு 18 வயது ஆகும்வரை அவள் பங்கை நிர்வகிக்க நீங்கள் நம்பும் ஒருவரை அதில் நியமியுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் இல்லாதபோது மைனர் மகளுக்குத் தந்தையே இயற்கைக் காப்பாளர், அதாவது சட்டப்படியான பொறுப்பாளர், ஆவார்.

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கித் தர வேண்டியவரே தவிர உரிமையாளர் அல்லர். ஆனால் ஆயுள் காப்பீட்டில், காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்திற்குப் பின், கணவரோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தமாகும். எனவே முதலில் பாலிசியில் உள்ள நாமினியை மாற்றுங்கள்.

பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டுப் பிரிவு போதும். அது உங்களுக்கு நிறைவாகிவிட்டது. மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றாலும், தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்புக்கு முன் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், வீடு, நகை, மகளின் செலவு ஆகிய அனைத்தையும் மனுவிலேயே எழுத்தில் கொண்டுவாருங்கள். கட்டணம் தடையாக இருந்தால், பெண்ணுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

வியாசர்பாடி வாசகி:
கடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீடு அவருக்கு, கடனும் அவருக்கு என்று எங்கள் மனுவில் எழுதினோம். தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து அவர் மூன்று தவணை கட்டவில்லை. வங்கி என்னை அழைத்தது. நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று மேலாளர் சொன்னபோதுதான், கடன் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து அப்படியே இருப்பது உறைத்தது. உங்கள் பெயரைக் கடனிலிருந்து நீக்கியதாக வங்கி எழுத்தில் தந்த பிறகே உங்கள் பாதியை எழுதிக் கொடுங்கள்.

தண்டையார்பேட்டைத் தாய்:
மூவருக்கும் மிக்க நன்றி. நாளை காலை பாலிசியில் நாமினியை மாற்றுவதற்கான படிவம் வாங்கச் செல்கிறேன். உயிலுக்குச் சாட்சியாக எதிர்வீட்டு அக்காவும் அவர் கணவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.