நீத்துப்பெட்டிப் புட்டும் பாலைப்பழப் பாணியும்: கிளிநொச்சியில் ஒரு காலைச் சாப்பாடு

கடந்த ஆனி மாதத்துப் போயா (பௌர்ணமி) விடுமுறையன்று, ஒரே பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்த நாங்கள் நால்வர், கிளிநொச்சி நகரில் கண்டி வீதியோரம் உள்ள ஒரு சிறிய கஃபேயில் காலைச் சாப்பாட்டுக்குக் கூடினோம். நான் புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வீதிப் பேருந்தில் வந்தேன். பூநகரித் தோழி கணவருடன் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினாள். நெடுங்கேணித் தோழி புளியங்குளத்தில் பேருந்து மாறி வந்து சேர்ந்தாள். கொழும்பில் வேலை பார்க்கும் நான்காமவள், ஏழு வயது மகனையும் கூட்டிக்கொண்டு இரவுப் புகையிரதத்தில் வந்து, நித்திரை கலையாத கண்களுடன் எங்களுக்கு முன்பே அமர்ந்திருந்தாள்.

அந்தக் கஃபேயை நடத்தும் தங்கைக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். உணவுப் பட்டியலில் சான்ட்விச்சும் நூடில்ஸும் இருந்தபோதிலும், "இண்டைக்கு நான் செய்து பார்த்த ஒண்டு இருக்கு, அக்கா, அதைச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்று அவள் கேட்டுக்கொண்டதால் அதையே சொன்னோம்.

ஆளுக்கொரு நீத்துப்பெட்டி வந்தது. வீட்டில் நாங்கள் பயன்படுத்துவது ஒரு குடும்பத்துக்கே புட்டு அவிக்கும் அளவுடையது. இவையோ, பனையோலையில் கைப்பிடி அளவில், கூம்பாகச் சொல்லி இழைப்பித்தவை. அவற்றை வாழையிலையில் அவள் கவிழ்த்தபோது, ஆவி பறக்க ஒரு சிறிய கோபுரம் நின்றது. அடியில் சிவப்பரிசி மாப் புட்டு, அதன்மேல் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாப் புட்டு, உச்சியில் கரிய குரக்கன் (கேழ்வரகு) புட்டு. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில், தேங்காய்ப்பூவுடன் வறுத்த, நந்திக்கடல் களப்பில் பிடித்த இறாலும் முருங்கையிலையும். பக்கத்தில் ஒரு குவளையில் மஞ்சள் நிறச் சொதி. பூநகரித் தோழி அடி அடுக்கில் ஒரு விரற்கிள்ளு எடுத்து முகர்ந்துவிட்டு, "இது எங்கட மொட்டைக்கறுப்பன்" என்றாள். தங்கை தலையசைத்தாள். தன் வயலில் விளையும் நெல்லை மணத்திலேயே கண்டுகொண்ட அவளுடைய முகத்தில் அப்போது தெரிந்த பெருமிதத்தை நான் நெடுநாள் மறக்கமாட்டேன்.

நெடுங்கேணித் தோழிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "வீட்டை அவிச்சுச் சாப்பிடுற புட்டை அடுக்கி வைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று மெதுவாகக் கேட்டாள். 2009ஆம் ஆண்டில், போரின் இறுதி மாதங்களில், உப்புக்கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்களில் மூவர் அந்த மேசையில் இருந்தோம் என்பதால், உணவை அழகுக்காக அடுக்குவதைக் கண்டு அவளுக்கு ஏற்பட்ட கூச்சம் எனக்கும் புரிந்தது. ஆயினும் நான் அவளுடன் உடன்படவில்லை. எங்கள் பிள்ளைகள் காசு கொடுத்து நூடில்ஸ் வாங்குகிற அதே மேசையில், அதே விலைக்கு, குரக்கனும் ஒடியலும் வருவதை நான் மரியாதையாகவே கருதுகிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நடுவிலிருந்த ஒடியல் அடுக்குக் கைத்தது. அந்தக் கைப்பு இறாலின் இனிமையையும் கெடுத்தது. "அக்கா, கைக்குதோ?" என்று தங்கையே கவலையுடன் கேட்டாள். மாவை ஒருமுறை மாத்திரம் நீரில் ஊறவிட்டாள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மா அடியில் தங்கியதும் மேல்நீரை வடித்து, மீண்டும் புதுநீர் விட்டு இரண்டு மூன்று தடவை அவ்வாறு செய்து, பின்னர் துணியில் கட்டி ஒட்டப் பிழிய வேண்டும் என்று அம்மம்மா எனக்குக் காட்டித் தந்ததை அவளுக்குச் சொன்னேன். வறுத்த அரிசிமாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்துக் கொத்துகிறோம். ஒடியல் மாவிலோ பிழிந்தபின்னும் ஈரம் நிற்பதால், அதற்கு மேலும் நீர் சேர்த்தால் புட்டு உதிராமல் களியாகிவிடும். அவள் இதையெல்லாம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

என்னை உண்மையில் வியக்கவைத்தது இறுதியில் வந்த மண்சட்டிதான். எருமைத் தயிருக்குக் கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு, விடுவது தென்னிலங்கை வழக்கம். இங்கே கடைகளிலும் அதையே தருவார்கள். அவளோ கித்துளை விட்டுவிட்டு, பாலைப்பழத்தைப் பிழிந்து காய்ச்சிய பாணியை ஊற்றி, மேலே ஐந்தாறு மஞ்சள் பழங்களையும் இட்டிருந்தாள். பனங்கட்டியின் கனமோ சீனியின் கூர்மையோ இல்லாத, காட்டு மணம் கலந்த ஓர் இனிப்பு அது. வன்னிக் காட்டில் கரடியும் குரங்கும் நாங்களும் பங்கிட்டுத் தின்ற பழம், எருமைத் தயிரின் புளிப்புடன் இவ்வளவு பொருந்தும் என்று எங்கள் வீடுகளில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றைய சாப்பாட்டில் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால், அடுக்குப் புட்டை அல்ல, இந்தச் சட்டியையே சொல்வேன்.

கொழும்புப் பிள்ளை பாலைப்பழத்தை அதுவரை கண்டதில்லை. மேலே இருந்த பழங்களை ஒவ்வொன்றாக வாயிலிட்டவன், நான்காவது பழத்துக்குப் பின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தான். பழப்பாலில் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்காமலே ஒரு சிரட்டையில் தேங்காயெண்ணெயுடன் தங்கை ஓடிவந்தாள். நெடுங்கேணித் தோழி தன் விரலால் எண்ணெய் தொட்டு அவன் உதடுகளில் தடவிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாங்களும் இப்படித்தான் ஒட்டிய வாயுடன் வீடு போய் ஏச்சு வாங்கினோம் என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய சட்டியில் மிஞ்சியிருந்த பழங்களையும் அவன் கேட்டு வாங்கி, வாழையிலைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, எண்ணெய் மினுங்கும் உதடுகளுடன் பேருந்து நிலையம் வரை தின்றுகொண்டே நடந்தான்.